வேலையை விடுறதுக்கு முன்னாடி ஊதிப் பாருங்க: துப்புரவு ரசாயனங்களும் ஆஸ்துமாவும்

நாற்பது வயசு வரைக்கும் மூச்சுத் தொந்தரவே இல்லாத ஒருத்தருக்குத் திடீரென்று இருமல், இளைப்பு, ராத்திரி வீசிங். டாக்டரிடம் போகிறார். ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் எழுதித் தருகிறார்கள். "தூசு, புகை பக்கம் போகாதீங்க, பனியில நிக்காதீங்க" என்ற அறிவுரையும் கிடைக்கிறது. வீட்டில் பூனை இருக்கா, குடும்பத்தில் யாருக்காவது இளைப்பு இருந்ததா என்றெல்லாம் கேட்கிறார்கள். பல நேரம் விட்டுப்போவது ஒரே ஒரு கேள்விதான்: நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?

இந்தக் கேள்வி புதுசு கிடையாது. 1700-இல் இத்தாலியின் மோதெனா நகரத்து மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி தொழில் நோய்களைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். நோயாளியிடம் மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு தொழிலையும் கேட்க வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். தன் வீட்டுக் கழிவுக் குழியைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளியின் நிலையைப் பார்த்ததுதான் அந்தப் புத்தகத்துக்கே தூண்டுதல் என்றும் குறிப்பிட்டிருக்கிறார். ஆக, தொழில் மருத்துவம் என்ற துறையின் ஆரம்பத்திலேயே ஒரு துப்புரவுத் தொழிலாளி நிற்கிறார்.

இந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம்? அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் 2019-இல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பெரியவர்களின் ஆஸ்துமாவில் சுமார் 16 சதவீதத்துக்கு வேலையிடம் காரணம். அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். துப்புரவு வேலை செய்பவர்கள் இந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு வந்திருப்பது வேலையால் வந்த ஆஸ்துமாவா என்று நிரூபிப்பது லேசான காரியம் இல்லை. எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், ஏன் கஷ்டம், நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம்.

ஒரே பேர், மூணு நோய்

'வேலை சார்ந்த ஆஸ்துமா' என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று வகை உண்டு.

முதல் வகை ஒவ்வாமை மாதிரி வேலை செய்வது. ஒரு பொருளோடு வாரக்கணக்கிலோ வருஷக்கணக்கிலோ பழகிய பிறகு, உடம்பு அதைப் பகையாளியாக அடையாளம் வைத்துக்கொள்கிறது. அதுவரை ஒன்றும் செய்யாத அதே திரவம் இப்போது மூச்சுக்குழாயை இறுக்குகிறது. கிருமிநாசினிகளில் இருக்கும் குவாட்டர்னரி அம்மோனியம் சேர்மங்கள் (பாட்டில் லேபிளில் பெரும்பாலும் 'பென்சால்கோனியம் குளோரைடு' என்று இருக்கும்), மருத்துவமனைக் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படும் குளூட்டரால்டிஹைடு, தரை கழுவும் சில திரவங்களில் உள்ள எத்தனோலமைன் ஆகியவை இந்த வகைக்குப் பேர்போனவை.

இரண்டாவது வகை எரிச்சலால் வருவது. இதில் ஒவ்வாமை எதுவும் இல்லை. காரமான ஆவி மூச்சுக்குழாயின் உட்சுவரை நேரடியாகப் புண்ணாக்குகிறது. ப்ளீச்சையும் ஆசிட்டையும் ஒன்றாகக் கொட்டினால் குளோரின் வாயு வரும். ப்ளீச்சையும் அம்மோனியாவையும் கலந்தால் குளோரமின். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் இதைச் சுவாசித்து, 24 மணி நேரத்துக்குள் இளைப்பு ஆரம்பித்து, மாதக்கணக்கில் நிற்காமல் போனவர்கள் உண்டு. இந்த மாதிரி நிலையை 1985-இல் ஸ்டூவர்ட் ப்ரூக்ஸும் சக ஆய்வாளர்களும் தனியாக வரையறுத்தார்கள். ஒரே நாளில் பெரிய அளவு என்றில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் எரிச்சலூட்டும் ஆவியைச் சுவாசித்தாலும் ஆஸ்துமா வருமா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

மூன்றாவது வகையில் ஆஸ்துமா ஏற்கனவே இருக்கிறது. வேலை அதைக் கிளறிவிடுகிறது, அவ்வளவுதான்.

எதுவா இருந்தா என்ன, எல்லாத்துக்கும் அதே இன்ஹேலர்தானே என்று கேட்கலாம். அங்கேதான் விஷயமே இருக்கிறது. முதல் வகை என்றால் அந்தப் பொருளிலிருந்து முழுசாக விலகியாக வேண்டும். ஒவ்வாமை வந்துவிட்டால் மிகச் சிறிய அளவே போதும். பக்கத்து அறையில் வேறு யாரோ துடைத்தாலும் இழுக்க ஆரம்பிக்கலாம். இரண்டாவது, மூன்றாவது வகை என்றால் பல நேரங்களில் அதே வேலையில் நீடிக்கலாம்: ஸ்பிரேயை நிறுத்துவது, கலக்காமல் இருப்பது, ஜன்னலைத் திறப்பது, மருந்தை ஒழுங்காக எடுப்பது. ஒருவருக்குத் தவறாக 'ஆமாம்' என்று சொன்னால் பிழைப்பு போகும். தவறாக 'இல்லை' என்று சொன்னால் நுரையீரல் போகும். கையெழுத்துப் போடும் டாக்டருக்கு இரண்டும் ஒரு வரிதான்.

நாற்பது பாட்டிலும் நாலு வீடும்

மாவு அரைக்கும் தொழிலாளிக்கு ஆஸ்துமா வந்தால் மாவைச் சந்தேகப்படலாம். கார் பெயின்ட் அடிப்பவருக்கு வந்தால் பெயின்ட்டில் உள்ள ஐசோசயனேட்டைச் சந்தேகப்படலாம். துப்புரவு வேலையில் யாரைச் சந்தேகப்படுவது? ஒரே நாளில் கண்ணாடிக்கு ஒன்று, தரைக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று, சமையலறை எண்ணெய்ப் பிசுக்குக்கு ஒன்று. பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டிலுக்கு ஊற்றிக் கொடுத்திருப்பார்கள், லேபிளே இருக்காது. சுத்தம் செய்யும்போது கிளம்பும் தூசு, பூஞ்சை, செல்லப்பிராணி முடி எல்லாம் வேறு சேர்ந்துகொள்ளும்.

பார்சிலோனாவை ஒட்டிய கோர்னெயா நகரில் வீட்டு வேலை செய்யும் பெண்களிடம் மெர்செதெஸ் மெதினா-ரமோன் குழுவினர் செய்த ஆய்வுகள் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டவை. 2005-இல் வெளியான ஆய்வில், ஆஸ்துமா அல்லது நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி அறிகுறிகள் இருந்த 40 பேரை, அவை இல்லாத 155 பேரோடு ஒப்பிட்டார்கள். ப்ளீச் அதிகம் பயன்படுத்தியவர்களிடம் தொந்தரவும் அதிகமாக இருந்தது. அடுத்த வருஷம் வெளியான ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. ஏற்கனவே மூச்சுத் தொந்தரவு இருந்த 43 பெண்களிடம் இரண்டு வாரத்துக்கு டைரி எழுதச் சொன்னார்கள். இன்னைக்கு வேலையா, லீவா? என்னென்ன பயன்படுத்தினீங்க? இருமல், இளைப்பு எப்படி? வேலை நாட்களில் நெஞ்சுத் தொந்தரவு கூடியது. தண்ணீரில் கலந்த ப்ளீச், எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் ஸ்பிரே, அறை மணமூட்டி ஆகிய மூன்றோடும் அது சேர்ந்து வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ப்ளீச் நெடியான பொருள். அதைச் சந்தேகப்படுவது எளிது. அறை மணமூட்டியை யார் சந்தேகப்படுவார்கள்? வாசனையாக இருப்பதால் நல்லது என்றுதானே நினைப்போம். டைரியில் எழுதி வைத்தால்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் 43 பேரின் சராசரி ஒரு தனி ஆளின் கேள்விக்கு விடை ஆகாது. "எனக்கு வந்தது இதனாலதானா?" என்று கேட்பவருக்கு அவருடைய சொந்தக் கணக்குதான் வேண்டும்.

முதலில் ரெண்டு கேள்வி

பெரிய வயசில் ஆஸ்துமா வந்த எல்லோரிடமும் கேட்க வேண்டியவை என்று பிரிட்டிஷ் வழிகாட்டிகள் இரண்டு கேள்விகளைச் சொல்கின்றன. வேலை இல்லாத நாட்களில் நல்லா இருக்கா? நீண்ட விடுமுறையில் போனால் நல்லா இருக்கா?

'வேலை செய்யும்போது மோசமாகுதா' என்று ஏன் நேராகக் கேட்பதில்லை? காரணம் இருக்கிறது. பல ரசாயனங்களுக்கு மூச்சுக்குழாய் உடனே இறுகுவதில்லை. நாலிலிருந்து எட்டு மணி நேரம் கழித்துத்தான் இறுகும். அதிகாலை அஞ்சு மணிக்கு ஆபீஸ் பெருக்கித் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவருக்கு மத்தியானம் சமைக்கும்போது இளைக்கும். சாயங்கால ஷிஃப்ட் என்றால் நடு ராத்திரியில் தூக்கத்தில் எழுப்பும். அவர் தாளிச்ச புகையைத் திட்டுவார், இல்லை தலையணைப் பஞ்சைத் திட்டுவார். வேலை செய்யும் நேரத்தில் தனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று சத்தியமே செய்வார்.

இரண்டாவது கேள்வியும் தேவைதான். சிலருக்கு மூச்சுக்குழாய் பழைய நிலைக்கு வர மூணு நாலு நாள் பிடிக்கும். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவில் வித்தியாசம் தெரியாது. பத்து நாள் ஊருக்குப் போனால்தான் தெரியும். வாரத்தில் ஏழு நாளும் வேலைக்குப் போகிற ஒருத்தருக்கு இந்தக் கேள்விக்குப் பதிலே இருக்காது. நம்ம ஊரில் நாலு வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம் "லீவுல எப்படி இருக்கு?" என்று கேட்டால், "லீவா, யாரு குடுக்கறா?" என்றுதான் திரும்பக் கேட்பார். லீவு இல்லாதபோது நோயின் தடயமும் மறைந்து போகிறது.

இந்த ரெண்டு கேள்விகளும் நல்ல வலை. நிறைய மீன் மாட்டும், வேண்டாததும் மாட்டும். கடும் நெடியால் தொண்டை மட்டும் இறுகுவது, மூக்கெரிச்சல், பயத்தில் வேகமாக மூச்சு வாங்குவது, இவையெல்லாம் கேட்பதற்கு ஆஸ்துமா மாதிரியே இருக்கும். அதனால் அளந்து பார்த்தே ஆகணும்.

நூறு ரூபாய்க் கணக்கில் முடியும் அறிவியல்

பீக் ஃப்ளோ மீட்டர் என்பது ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய். மூச்சை நிறைய இழுத்து, ஒரே வேகமாக ஊதினால், உள்ளே இருக்கும் முள் நகர்ந்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேகம் என்று காட்டும். 1959-இல் மார்ட்டின் ரைட், மெக்கெரோ ஆகிய இருவரும் விவரித்த கருவியின் எளிய வாரிசு இது. மின்சாரம் வேண்டாம், லேப் வேண்டாம், சில நூறு ரூபாய் போதும்.

ஒரு தடவை ஊதினால் பெரிதாக ஒன்றும் தெரியாது. கிளினிக்கில் ஊதும் ஸ்பைரோமெட்ரியும் அப்படித்தான். லீவு போட்டுவிட்டுத்தான் டாக்டரைப் பார்க்க வருவார்கள். அன்றைக்கு மூச்சு நன்றாகவே இருக்கும். தேவைப்படுவது வரிசையான அளவு. ஒரு நாளைக்குக் குறைந்தது நாலு தடவை, முடிந்தால் விழித்திருக்கும்போது ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் மூணு முறை ஊதி, அதிகமானதை எழுத வேண்டும். வேலை நாள், லீவு நாள் இரண்டும் வரும்படி சில வாரங்களுக்கு. எந்த நேரம் வேலைக்குப் போனார், எந்த நேரம் வந்தார், இன்ஹேலர் எத்தனை முறை எடுத்தார் என்பதும் பக்கத்தில் இருக்கணும். இந்த வாரங்களில் மருந்தின் அளவை மாற்றக் கூடாது. லீவில் கூடுதல் மருந்து எடுத்தால், குணமானது லீவாலா மருந்தாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஞாயிறு 400. திங்கள் 390. புதன் 350. வெள்ளி 310. திரும்ப ஞாயிறு 370. அடுத்த வெள்ளி 300. இதைக் கட்டம் போட்ட தாளில் வரைந்தால், படிக்கட்டில் இறங்கி ஏறுவது போல ஒரு வடிவம் வரும். வேலை வாரத்தில் இறக்கம், லீவில் ஏற்றம். பூனையோ பருவநிலையோ காரணமாக இருந்தால் இந்த வடிவம் வேலை அட்டவணையோடு இப்படி ஒட்டிக்கொண்டு வராது.

இந்த வரைபடத்தைப் படிக்க, இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஷெர்வுட் பர்ஜ் குழுவினர் 'ஓயாசிஸ்' என்று ஒரு கணினி நிரலே எழுதினார்கள். 1996-இல் வெளியான சோதனையில், வேலையால் ஆஸ்துமா வந்தவர்களில் 75 சதவீதம் பேரை அது பிடித்தது. வேறு காரணம் உள்ளவர்களில் 94 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது. ஆக, 'ஆமாம்' என்று அது சொன்னால் நம்பலாம். 'இல்லை' என்றால் கொஞ்சம் யோசிக்கணும், ஏனென்றால் நாலில் ஒருவரை அது தவறவிடும்.

சந்தேகம் தீரவில்லை என்றால்

மாவு தூசு, சலவைத் தூளில் உள்ள என்சைம் போன்ற பெரிய மூலக்கூறுகளுக்கு ஒவ்வாமை இருந்தால் தோல் குத்துச் சோதனையில் தெரிந்துவிடும். 1969-இல் இங்கிலாந்தின் சலவைத் தூள் ஆலைத் தொழிலாளர்களிடம் என்சைமால் வந்த ஆஸ்துமாவை மைக்கேல் ஃப்ளின்ட் கண்டறிந்தபோது இது உதவியது. ஆனால் குவாட்டர்னரி அம்மோனியம் போன்ற சின்ன மூலக்கூறுகளுக்கு நம்பகமான தோல் சோதனையோ ரத்தச் சோதனையோ கிடையாது.

அப்போது மிச்சம் இருப்பது நேரடிச் சோதனை. சந்தேகப்படும் திரவத்தை மருத்துவமனையிலேயே, சின்ன அறைக்குள், கொஞ்சம் கொஞ்சமாக நோயாளியைச் சுவாசிக்க வைப்பார்கள். முதல் நாள் தொந்தரவு தராத வேறு பொருள். மறுநாள் உண்மையான பொருள். ஒரு விநாடியில் எவ்வளவு காற்றை ஊத முடிகிறது என்று மணிக்கணக்கில் அளந்துகொண்டே இருப்பார்கள், தாமதமாக வரும் இறுக்கத்தையும் பிடிக்க வேண்டுமே! இருபது சதவீதம் குறைந்தால் உறுதி. பெல்ஜியத்தில் ஒலிவியே வாந்தன்ப்ளாஸ் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், துப்புரவுப் பொருட்களைச் சந்தேகப்பட்ட 44 பேருக்கு இதைச் செய்தார்கள். 17 பேருக்கு உறுதியானது. அதில் 10 பேருக்குக் காரணம் குவாட்டர்னரி அம்மோனியம் உள்ள பொருட்கள்.

மீதி 27 பேர் பொய் சொன்னார்கள் என்று அர்த்தமா? கிடையாது. அவர்களுக்கு எரிச்சல் வகையாகவோ, இருக்கும் ஆஸ்துமா கிளறப்படும் வகையாகவோ இருக்கலாம். அவர்களுடைய தொந்தரவு உண்மை. அதற்கான தீர்வுதான் வேறு. இந்தச் சோதனை உலகத்திலேயே சில மையங்களில்தான் நடக்கிறது, எல்லோருக்கும் கிடைக்காது. அதனாலேயே அந்த பிளாஸ்டிக் குழாயும் ஒரு நோட்டும் இவ்வளவு முக்கியமாகின்றன.

அக்கறையில் அழியும் ஆதாரம்

மூச்சிரைக்கிறது என்றதும் வீட்டில் என்ன சொல்வார்கள்? "அந்த வேலையே வேணாம், நின்னுடு." டாக்டரும் அதையே சொல்லலாம். அக்கறையான பேச்சுதான். ஆனால் வேலையிலிருந்து நின்றுவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க வேலை நாளே இல்லை. மாதக்கணக்கில் விலகியிருந்தால் நேரடிச் சோதனைகூட 'இல்லை' என்று தப்பாகச் சொல்லக்கூடும். எதனால் வந்தது என்று தெரியாமலே அவர் அடுத்த வேலைக்குப் போவார். அதுவும் பெரும்பாலும் துப்புரவு வேலையாகத்தான் இருக்கும். அங்கேயும் அதே கேன் காத்திருக்கும். இழப்பீடு, வேலை மாற்றம் என்று எது கேட்கப் போனாலும் கையில் காகிதம் இருக்காது.

அதற்காக, மூச்சு முட்டுபவரை ஆதாரத்துக்காக மறுபடி வேலைக்கு அனுப்பச் சொல்லவில்லை. கடுமையான இளைப்பு வந்தவர், வாயுக் கசிவில் மாட்டியவர் உடனே விலகத்தான் வேண்டும். அவர்களை வைத்துச் சோதிக்கக் கூடாது. மிதமான தொந்தரவோடு இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவரைப் பற்றித்தான் பேசுகிறோம். அவருக்கு அந்தச் சில வாரங்கள் விலை மதிப்பற்றவை. அதே சமயம் வருஷக்கணக்கில் இழுக்கவும் கூடாது. வேலையால் வந்த ஆஸ்துமாக்காரர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்த ஒரு 2007 கணக்கின்படி, காரணப் பொருளிலிருந்து விலகிய பிறகு முழுசாகக் குணமானவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். அறிகுறியோடு குறைந்த காலம் இருந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். சீக்கிரம் அளந்து, சீக்கிரம் முடிவெடுக்கணும்.

உங்களுக்கோ தெரிந்தவருக்கோ இந்த நிலை இருந்தால், டாக்டரிடம் போகும்போது கையில் எடுத்துப்போக வேண்டியவை இவை:

ஒன்று, வேலையில் தொடும் எல்லாப் பாட்டில்களின் லேபிள் போட்டோ. லேபிள் இல்லாத பாட்டில் என்றால், அது எந்தக் கேனிலிருந்து ஊற்றப்பட்டதோ அந்தக் கேனின் போட்டோ.

இரண்டு, தொந்தரவு எந்த மாதம் தொடங்கியது, அந்தச் சமயத்தில் புதுசாக எந்தப் பொருள் வந்தது, எங்கே வேலை மாறியது என்ற விவரம்.

மூன்று, அந்த ரெண்டு கேள்விகளுக்கும் பதில். லீவே கிடைப்பதில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், அதுவும் தகவல்தான்.

நான்கு, பீக் ஃப்ளோ அளவுகள். அட்டவணை போட்டு, வேலை நேரத்தோடு.

வீட்டில் ஆள் வைத்து வேலை வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்பிரேக்குப் பதிலாகத் துணியில் ஊற்றித் துடைக்கும் திரவம் வாங்கிக் கொடுங்கள். ப்ளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், ஒரே நாளில் ஒரே இடத்தில் போடச் சொல்லவும் வேண்டாம். குளியலறை கழுவும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். வேலைக்கு வருபவர் இருமினால் "பனிக்காலம் இல்லையா" என்று நாமே காரணம் சொல்லி முடித்துவிடாமல், லீவு எடுத்தால் குறையுதா என்று கேளுங்கள். அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்குச் சேர்ந்தாற்போல் நாலு நாள் சம்பளத்தோடு லீவும் கொடுங்கள்.